வாய் திறந்த வட்டம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய். அதுவே பெரிய விஷயம்.

இரண்டு வருடமாக நமக்குள் போய்வருவது அச்சடித்த படிவம் மட்டும்தான். நான் காட்டிலிருந்து மரத்துண்டு அனுப்புவேன். நீ ஆய்வகத்தில் பார்த்துவிட்டு ‘நலம்’ அல்லது ‘நோய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாய். அந்தக் கையெழுத்தைப் பார்த்து அக்கா நன்றாக இருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொள்வேன். அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று எல்லோர் முன்னாலும் நீ கேட்டாயே, “கூடப் போனவன் நீ, உனக்கு ஒரு கீறல்கூட இல்லையேடா” என்று, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை.

மேல் சரிவில் ஒரு மரத்தில் வெள்ளை வட்டம் வந்திருக்கிறது. முகத்துக்கு நேராக, உள்ளங்கை அளவு. முழு வட்டமில்லை, ஓர் இடத்தில் விரல்கடை இடைவெளி. வெட்ட வேண்டிய மரத்துக்கு வட்டம், விட வேண்டிய மரத்துக்குப் புள்ளி என்பது எல்லாக் குறியாளர்களுக்கும் பொது. ஆனால் மரம் விழப்போகும் பக்கம் பார்த்து வட்டத்தின் வாயைத் திறந்து வைக்கிற பழக்கம் ஒருவருக்குத்தான் இருந்தது. அது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். போன மாதம்வரை அது இல்லை.

தம்பி

பிப்ரவரி 16

வனக்காவலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இந்த ஆய்வகம் மரங்களின் உடல்நிலையைப் பார்க்கிறது. காவலர்களின் மனநிலையைப் பார்ப்பதில்லை. சந்தேகமுள்ள மரம் என்றால் விதிப்படி துளைக்கருவியால் இரண்டு பக்கமும் துளைத்து, வரும் குச்சிகளைக் காகிதக் குழலில் போட்டு, பக்கத்தைத் தெளிவாக எழுதி அனுப்பவும்.

இப்படியே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து எழுத உனக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா? காட்டில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்பார்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் மூன்று தட்டு, பிறகு அடிமரத்தில் காது. என் கருவிகளெல்லாம் வேஸ்ட் என்று என்னையே கிண்டல் செய்வார். அந்த மனுஷன் பெயரை வைத்து விளையாடாதே. அந்த வட்டத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். உன் பெயிண்ட் டப்பா எங்கே இருக்கிறது என்று முதலில் பார்.

உன் அக்காவாகத்தான் கையெழுத்துப் போடுகிறேன், வேறு வழியில்லாமல்.

பிப்ரவரி 25

அக்கா,

பெயிண்ட் டப்பா அலமாரியில்தான் இருக்கிறது. மூடி ஒட்டிப்போய் உளி வைத்துத் திறந்தேன். உள்ளே கல்லாகக் காய்ந்திருக்கிறது.

இப்போது ஏழு மரம். ஒன்றையும் வட்டம் போடும்போது பார்த்தவர் இல்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று. எல்லாமே வாய் திறந்த வட்டம், எல்லாமே கீழே பாதையைப் பார்த்து. அந்தப் பாதையில்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ரேஞ்சரிடம் போய்ச் சொன்னேன். “மரம் பச்சைப்பசேல்னு நிக்குது, நீ என்னய்யா பேய்க்கதை சொல்ற? லேப் பேப்பர் இருந்தா கொண்டா” என்றார். அதனால் ஏழு மரத்தின் குச்சிகளையும் இதோடு அனுப்புகிறேன். விதிப்படிதான், இரண்டு பக்கமும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரித்தால் சிரித்துக்கொள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் மேலே தட்டும் சத்தம் கேட்கிறது. மூன்று தட்டு, கொஞ்சம் நிசப்தம். பிறகு தள்ளி இன்னொரு மரத்தில் மூன்று தட்டு. மரங்கொத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மரங்கொத்தி காதை வைத்துக் கேட்பதற்கு நேரம் விடாது அக்கா.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று நீ சின்ன வயதிலிருந்து சொல்வதுதான், புதிதாக ஒன்றுமில்லை.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

ஏழும் நோய். ஏழுமே. வேரிலிருந்து பூஞ்சை ஏறி உள்ளே பஞ்சாக்கி வைத்திருக்கிறது. வெளியே நாலு விரல் கனத்துக்கு நல்ல மரம், அதை வைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு நல்ல காற்றடித்தால் போதும். அறிக்கை நேராக உன் ரேஞ்சருக்கே போய்விட்டது. பாதையை உடனே மூடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சுற்றிப் போகட்டும். கால் வலித்தால் வலிக்கட்டும்.

இனி உன் பேய்க்கு வருகிறேன். ஒரு வட்டத்திலிருந்து பெயிண்டைப் பட்டையோடு பெயர்த்து, வட்டத்துக்கு மேலே இருக்கும் இலைக்கூட்டத்தை நன்றாகப் பார்த்து எழுது. முன்பு இருந்த அளவு அடர்த்தியாக இருக்கிறதா? வெயில் அடிமரம்வரை வருகிறதா? வட்டத்தைச் சுற்றி இருந்த பாசி என்னவாயிற்று?

இந்த ஏழும் நோய் என்று எந்தக் கருவியும் இல்லாமல் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று முழுவதும் அந்த ஏழு காகிதக் குழல்களையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட வேலை செய்கிறவள், “என்னக்கா, அதையே பாத்துட்டிருக்கீங்க?” என்றாள். வளையம் எண்ணுகிறேன் என்றேன்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

பெயர்த்த துண்டு உள்ளே இருக்கிறது. நீ கேட்ட பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். நாலு வருடம் காட்டில் குப்பை கொட்டியிருக்கிறேன், தலையைத் தூக்கிப் பார்க்க ஊரிலிருந்து அக்கா சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு மரத்திலும் உச்சி மெலிந்திருக்கிறது. முன்பு இருட்டாக இருந்த இடத்தில் வெயில் சல்லடையாக விழுகிறது. பாசி காய்ந்து, பழைய போர்வை மாதிரி தானாக உரிந்து கீழே கிடக்கிறது.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

பெயிண்ட் பழையது. குறைந்தது இரண்டு வருடம். அதன் மேலேயே பாசியின் வேரிழைகள் இருக்கின்றன. அதாவது வட்டம் முதலில், பாசி பிறகு. நீ காய்ச்சலில் படுத்திருந்த அந்த வாரம் அவர் தனியாக மேல் சரிவுக்குப் போய்க் குறியிட்டிருக்கிறார். வேலை முடிந்த பிறகுதான் மொத்தமாகப் பதிவேட்டில் ஏற்றுவார், அது உனக்கே தெரியும். ஏற்றுவதற்கு அவர் இல்லை. நிழலும் ஈரமும் இருந்ததால் பாசி மூடிவிட்டது. இப்போது நோய் முற்றி, இலை உதிர்ந்து, வெயில் இறங்கி, பாசி உரிந்திருக்கிறது. எந்த மரம் சாகிறதோ அதில் அவர் வட்டம் வெளியே வருகிறது.

இதில் பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதிவிட்டு வாய்விட்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் மேல் விழுந்த மரம், எண் 31. பதிவேட்டில் அதற்குப் புள்ளி. விட வேண்டிய மரம். இரண்டு வருடமாக நான் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் புள்ளியைத்தான். அவர் காதுக்கே கேட்கவில்லையென்றால் அந்த மரத்தை என் ஆய்வகத் தாள் ‘நலம்’ என்று தப்பாகச் சொன்னது அவ்வளவு பெரிய பாவமில்லை என்று. ஆனால் என் தாள் வரும்வரை காத்திருக்கிற ஆள் இல்லையே அவர். தட்டிக் கேட்ட உடனே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவார். தாள் வருவதற்கு முன் 31இல் அவர் முதலில் போட்டது என்ன? நீ பார்த்தாயா?

அக்கா

மார்ச் 30

அக்கா,

நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் இரண்டு வருடமாகச் சொல்ல வாய் வராமல் இருக்கிறேன்.

குறியைப் பாதையைப் பார்த்த பக்கத்தில், அதாவது கீழ்ப்பக்கத்தில் போடுவார். நான் 31ஐத் துளைத்த அன்று மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. கீழ்ப்பக்கம் சேறு, கால் வைத்தால் நேராக ஓடைக்குள்தான். அத்தான் கூட இல்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று மேல்பக்கம் நின்றபடியே ஒரு சாண் தள்ளி இரண்டு துளை போட்டு இரண்டு குச்சியும் எடுத்தேன். ஒரு குழலில் ‘மேல்பக்கம்’ என்று எழுதினேன். இன்னொன்றில் ‘கீழ்ப்பக்கம்’ என்று எழுதினேன். அழுகல் கீழ்ப்பக்கம்தான் இருந்தது. நான் மட்டும் நாலு எட்டு சுற்றிப் போயிருந்தால் சரியான குச்சி கிடைத்திருக்கும், அவர் போட்ட குறியையும் பார்த்திருப்பேன்.

நீ அன்று கேட்டது சரிதான். கூடப் போனவன் நான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். மரத்துண்டுகளை மட்டும் வழக்கம்போல அனுப்புகிறேன்.

தம்பி

ஏப்ரல் 5

டேய்,

எனக்குத் தெரியும்.

திரும்பப் படிக்காதே, சரியாகத்தான் படித்தாய். அன்றைக்கே தெரியும். சரிவில் நிற்கிற மரம் மேல்பக்கம் ஒரு மாதிரியும் கீழ்ப்பக்கம் ஒரு மாதிரியும் வளரும். ஆண்டு வளையங்களின் அகலம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவே போகாது. நீ அனுப்பிய இரண்டு குச்சியும் ஒரு வளையம் விடாமல் ஒத்துப்போயின. ஒரே சீப்பின் பற்கள் மாதிரி. பார்த்த நிமிஷமே ‘இந்தச் சோம்பேறி ஒரே பக்கத்தில் துளைத்துவிட்டு ஏமாற்றுகிறான்’ என்று தெரிந்துவிட்டது. மேசையில் தட்டிச் சிரித்தேன்கூட.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். உனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, இரண்டாவது வந்தால் வேலை போய்விடும். சின்னவன், பிழைத்துப் போகட்டும், அந்தக் குச்சி நன்றாகத்தானே இருக்கிறது என்று ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன். கத்தாமல் இருந்திருந்தால் என் வாய் உண்மையைச் சொல்லியிருக்கும்.

இரண்டு வருடம் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது உன் மேல் கோபத்தினால் இல்லை.

இப்போது எனக்காக ஒன்று செய். 31 இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது என்று ரேஞ்சர் அறிக்கையில் இருக்கிறது. போய்ப் பார். கீழ்ப்பக்கம் பார். புள்ளிக்கு அடியில் வேறு ஏதாவது இருந்ததா? புள்ளி மட்டும்தான் என்றால் அவருக்கும் கேட்கவில்லை, நான் மூச்சு விடுவேன். வட்டம் இருந்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் காதைச் செவிடாக்கியது என் கையெழுத்து. எது என்றாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். பார்த்தேன். புள்ளி மட்டும்தான். சுத்தமான புள்ளி, அடியில் ஒன்றுமில்லை, ஒரு கோடுகூட இல்லை. நீ நம்பமாட்டாய் என்று தெரிந்தே புள்ளியோடு பட்டையைப் பெயர்த்து இதில் வைத்திருக்கிறேன். அத்தானுக்கும் கேட்கவில்லை. மரம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

மேல் சரிவு ஏழு மரத்தையும் திங்கட்கிழமை வெட்டினார்கள். ஒவ்வொன்றும் வட்டத்தின் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே விழுந்தது. வெட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாதையைத் திறந்துவிட்டோம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. இனி இதைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டாம், வேறு ஏதாவது பேசலாம்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்தபோதே சந்தேகம். நீ என்றைக்கடா எனக்கு அன்புள்ள போட்டாய்?

பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஈரம். நகத்தால் கீறினால் பச்சை. இரண்டு வருடம் தரையில் கிடந்த மரத்தின் பட்டை உள்ளே வண்டு துளைத்த கோடாகத்தான் இருக்கும், தொட்டால் பொடியும். இது உயிரோடு நிற்கிற மரம். எனக்குப் பொய் சொல்வதற்காக ஒரு நல்ல மரத்தைக் காயப்படுத்தியிருக்கிறாய். போய் அந்தக் காயத்தின் ஓரத்தைக் கத்தியால் ஒழுங்காகச் சீவிவிட்டு வா, தண்ணீர் தேங்காமல்.

மரத்தை வைத்து என்னிடம் பொய் சொல்ல உனக்கு வராது. முதல் தடவை தெரிந்தும் விட்டேன். அதற்கு என்ன விலை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்தத் தடவை விடமாட்டேன்.

வட்டம் மட்டும் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய். அழுதுகொண்டாவது சொல்லியிருப்பாய். அதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 28

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. பாலத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மேலே ஏறுவதற்கு முன் படித்துவிடு. அங்கே நின்றுகொண்டு நீ முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது.

31 பாதைப் பக்கமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. குறி போட்ட பக்கம் அடியில். ஒரு பாறை முட்டுக் கொடுத்திருப்பதால் கீழே ஒரு முழ இடைவெளி. மல்லாக்கப் படுத்து உள்ளே போனேன். எங்கே படுத்திருக்கிறேன் என்று உள்ளே போன பிறகுதான் உறைத்தது. அந்த இடத்திலிருந்துதான் அவரை எடுத்தோம். என் மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அவர் குறி.

வட்டம் இருந்தது. வாய் கீழே பாதையைப் பார்த்துத் திறந்திருந்தது. மரம் விழுந்ததும் அதே பக்கம்தான். அதைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார். பட்டையின் இடுக்கில் மட்டும் வெள்ளை மிச்சம். சுரண்டிய இடத்தின் நடுவில் புள்ளி. பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி. அது உன் தாள் எங்களுக்கு வந்த தேதி.

நான் உன்னிடம் மறைக்கப் பார்த்தது இதுதான். ஆனால் இது இல்லாமல் இன்னொன்றும் இருக்கிறது. அதை இந்த இரண்டு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இடம் தேடினோம். மூன்று நாள் மழை. எங்கேயும் உட்காராமல் கீழே போய்விடலாம் என்றேன். அவர் 31ஐத் தட்டிப் பார்த்தார். மூன்று தட்டு. காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். “எனக்குக் காது போயிடுச்சுடா, வயசாயிடுச்சு. இது உங்கக்கா கையெழுத்து போட்ட மரம். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். தைரியமா உக்காரு” என்றார். நான் ஓடையில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று போனேன். பாட்டில் பாதி நிறைவதற்குள் சத்தம் கேட்டது.

நான் ஒரே பக்கத்தில் துளைத்தது அவரை அங்கே உட்கார வைத்தது. நீ தெரிந்தே விட்டது அவரை அங்கே உட்கார வைத்தது. இதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பயந்துகொண்டு உட்காரவில்லை அக்கா. தன் காது சொன்னதை விட்டுவிட்டு உன்னை நம்பி, மரத்தில் நன்றாகச் சாய்ந்து, டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

தட்டும் சத்தம் இன்னும் நிற்கவில்லை. இன்று மத்தியானமும் கேட்டது. ஏழு மரத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன், முடியவில்லை. இன்னும் மேலே, நாம் யாரும் போகாத பக்கம். நீ துளைக்கருவி கொண்டு வந்திருப்பாய், எனக்குத் தெரியும். என்னுடையது முனை மழுங்கிவிட்டது. இரண்டு பக்கமும் துளைப்போம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பஸ் இங்கே தானாக நிற்காது, உன்னை இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் பாலத்தைப் பார். நான் அங்கேதான் நிற்கிறேன்.

தம்பி